கிடைக்காத பீரும் கராஜில் கிடக்கும் பீரும்

சீசன் பீர் விற்பனைக்கு வரும் மாதங்களில் அமெரிக்க வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் அலசல் குறைவு, ஆதங்கம் அதிகம். விலை ஏன் இப்படி, ஏன் கிடைப்பதில்லை, வாங்கி வைத்தால் லாபமா? இந்த மூன்றைச் சுற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். விலைகள் டாலரில்.

கே: ஒரே ஸ்டவுட் (கருநிற பீர்), நாலு கேன் பேக். புரூவரியின் டாப்ரூமில் (ஆலையிலேயே பீர் விற்கும் கூடம்) 22 டாலர், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 36. கேட்டால் "டிஸ்ட்ரிபியூட்டர் விலை அப்படி" என்கிறார் கடைக்காரர். இது யார் வைத்த விலை?

ப: பெரும்பாலும் கடைக்காரரே வைத்ததுதான். 1933-ல் மதுவிலக்கு நீங்கிய பிறகு பெரும்பாலான மாநிலங்கள் மூன்றடுக்கு முறைக்கு வந்தன. புரூவரி விநியோகஸ்தருக்கு விற்கும், அவர் கடைக்கு விற்பார், கடை உங்களுக்கு விற்கும். கடைசிப் படியில் என்ன விலை என்று புரூவரி பரிந்துரைக்கலாமே தவிர, பொதுவாக உத்தரவு போட முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 16 அவுன்ஸ் கேன் 24 கொண்ட ஒரு கேஸை புரூவரி 72 டாலருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் விற்பனை விலையில் 28 சதவீதம் தன் பங்காக வைத்தால் கடைக்கு 100 டாலர். கடை 25 சதவீதம் வைத்தால் 133. ஒரு கேஸில் ஆறு பேக், ஆக ஒரு பேக் 22 டாலர் சொச்சம். டாப்ரூம் விலையும் அதை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் தன் சரக்கை விற்கும் கடைகளை விடக் குறைத்து விற்று அவர்களைப் பகைத்துக்கொள்ள எந்த புரூவரியும் விரும்பாது. (72-உடன் 28 சதவீதம் கூட்டினால் 92 தானே வரும் என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் லாப சதவீதத்தை விற்பனை விலையின் மேல்தான் கணக்கிடுவார்கள், வாங்கிய விலையின் மேல் அல்ல.)

உங்கள் கடைக்காரருக்கு ஒரு பேக்கின் அடக்கம் 16.67. அதை 36-க்கு விற்றால் அவர் பங்கு 25 அல்ல, ஏறக்குறைய 54 சதவீதம். வரியைக் காரணம் காட்டினாலும் நம்ப வேண்டாம். சிறிய புரூவரிகளுக்கு முதல் 60,000 பேரல் வரை கூட்டரசு கலால் வரி பேரலுக்கு 3.50 டாலர்தான். 31 கேலன் பேரலில் அரை கேலன் பேக் 62 வரும், ஆக ஒரு பேக்குக்கு ஆறு சென்ட்கூட இல்லை. மாநில வரி இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் 14 டாலர் வித்தியாசத்தை அது விளக்காது.

இது சட்டவிரோதமா என்றால் பொதுவாக இல்லை. புத்திசாலித்தனமா என்றால் அதுவும் இல்லை. அரிய பீர் ஒரு சின்னக் கடைக்கு இரண்டு கேஸ், அதாவது 12 பேக் வந்தாலே அதிகம். ஏற்றிய விலையில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 168 டாலர். அதற்காக மாதாமாதம் வருகிற வாடிக்கையாளரைக் கோபப்படுத்துகிறார். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பரிந்துரை விலை என்ன என்று புரூவரியிடமே கேளுங்கள். கடைக்குப் போனால் கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். விலை ஏற்றி வைத்த சரக்கு அலமாரியிலேயே தங்கும், அது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான பீராக இருந்தால் ஒவ்வொரு வாரமும் தரம் இறங்கிக்கொண்டே போகும்.

கே: இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் அதிகமாகக் காய்ச்ச மாட்டேன் என்கிறார்களே. வேண்டுமென்றே செய்யும் நாடகமா?

ப: சிலது நாடகம், சிலது இல்லை. எது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஈர ஹாப்ஸ் பீரை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை அறுவடை. வழக்கமாக ஹாப்ஸைச் சூளையில் உலர்த்தி ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்கு வந்ததும் பொதி கட்டுவார்கள். ஈர ஹாப்ஸில் உலர்த்தலே கிடையாது. எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பறித்த ஒரு நாளுக்குள் கொதிகலனில் விழாவிட்டால் குவியல் சூடேறிப் புளித்த நாற்றம் வந்துவிடும். உலர்ந்தது 5 கிலோ போடுகிற இடத்தில் இதை 20 முதல் 30 கிலோ போட வேண்டும், அந்தச் சக்கை உறிஞ்சிக்கொண்டு போகிற பீரும் நஷ்டக் கணக்குதான். சியரா நெவாடா புரூவரி 1996-ல் இப்படியொரு பீரைக் காய்ச்சியது முதல் எத்தனையோ புரூவரிகள் பின்தொடர்ந்திருக்கின்றன. யாராலும் இதை ஜனவரியில் அந்த ஊர் ஹாப்ஸை வைத்துக் காய்ச்ச முடியாது. இது நிஜமான தட்டுப்பாடு.

பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் பாதி நிஜம். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைப் புதிதாகக் கரியேற்றிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும், ஆகவே பழைய பீப்பாய் சந்தையில் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் 53 கேலன், அதாவது 200 லிட்டர் பீப்பாய், எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே போவதில் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகியும் மரத்தில் ஊறியும் போய்விடும். சில பீப்பாய்கள் புளித்துப்போகும், அவற்றைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். தேறுகிற பீப்பாய் ஒன்றுக்கு 90 பேக் சுமார். இதைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே பணத்தை முடக்க வேண்டும்.

மூன்றாவது, தொட்டி இடம். கலிஃபோர்னியா சாண்டா ரோசாவின் ரஷ்யன் ரிவர் புரூவரி 2005 முதல் காய்ச்சும் 'ப்ளினி தி யங்கர்' 10.25 சதவீத ஆல்கஹால் கொண்ட டிரிபிள் ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் மிகத் தூக்கலான பீர் வகை). ஹாப்ஸைத் திரும்பத் திரும்பப் போடுவதால் தொட்டியில் அதிக நாள் கிடக்கும், ஹாப்ஸ் சக்கையோடு போகிற பீரும் அதிகம். அதே தொட்டியில் வருடம் முழுவதும் விற்கும் பீரை எடுத்திருந்தால் வரக்கூடிய வருமானம் போகிறதே, அதுதான் இதன் உண்மையான அடக்கவிலை. பல வருடம் குழாயில் மட்டும் விற்றவர்கள் 2020-ல்தான் பாட்டிலிலும் கொடுத்தார்கள்.

இந்த மூன்றும் பொருந்தாத பீர் ஒன்று, வழக்கமான மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), வழக்கமான ஹாப்ஸ், மூன்று வாரத்தில் தயாராகிவிடும், ஆனாலும் "வருடத்துக்கு ஒருநாள் மட்டும்" என்று விற்கப்பட்டால், அது ஏற்பாடு செய்த தட்டுப்பாடு. அதற்காக அதிகாலை வரிசையில் நிற்பது உங்கள் விருப்பம். எங்களுக்கு அதில் மரியாதை இல்லை.

கூட்டத்தால் அவதிப்பட்டவர்களும் உண்டு. வெர்மான்ட் வாட்டர்பரியில் 'ஹெடி டாப்பர்' விற்ற தி ஆல்கெமிஸ்ட், வாகன நெரிசல் தாங்காமல் 2013-ல் தன் ஆலைக் கடையையே மூடியது. 2016-ல் ஸ்டோவில் பெரிய இடம் திறந்த பிறகுதான் நேரடி விற்பனை சீரானது. மிச்சிகனின் ஃபவுண்டர்ஸ் புரூவரியின் 'கே.பி.எஸ்.' வருடம் ஒருமுறை வந்த காலத்தில் கடைகளில் ஆளுக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாடு. பின்னாளில் அது ஆண்டு முழுவதும் கிடைக்கும் பட்டியலுக்கு மாறியதும் யாரும் பதுக்கவில்லை.

கே: சின்ன பாட்டில் கடை வைத்திருக்கிறேன். அரிய ஸ்டவுட் ஒரு கேஸ் வேண்டுமென்றால் ஓடாத லாகர் ஐந்து கேஸ் எடுக்கச் சொல்கிறார் விநியோகஸ்தரின் ஆள். எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ப: வேண்டியதில்லை. ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று என்று சில்லறைக் கடையைக் கட்டாயப்படுத்துவதைக் கூட்டரசின் மது விதிகள் (தலைப்பு 27, பிரிவு 6.72) தடுக்கின்றன. பீருக்கு மட்டும் ஒரு நுணுக்கம்: மாநிலச் சட்டத்திலும் அதேபோன்ற தடை இருந்தால்தான் கூட்டரசு விதி செல்லும். ஆகவே முதலில் மாநில மது வாரியத்திடம் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பது வேறு. தனித்தனியாகவும் வழக்கமான விலையில் கிடைக்குமானால் அதில் தவறில்லை. "போன வருடம் எங்களிடம் எவ்வளவு வாங்கினீர்களோ அதற்கேற்ப ஒதுக்கீடு" என்பது நடைமுறையில் எங்கும் நடப்பது, அதை மாற்றுவது கடினம். பேச்சில் கேட்ட நிபந்தனையை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் நிபந்தனை மறைந்துவிடும்.

கே: கராஜில் மங்கலான ஐ.பி.ஏ. இரண்டு கேஸ், பழக்கூழ் சேர்த்த புளிப்பு பீர் ஒரு கேஸ், காபி ஸ்டவுட், பீப்பாய் ஸ்டவுட், பார்லிவைன் (ஆல்கஹால் அதிகமான ஒரு பீர் வகை) எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை எவ்வளவு நாள் வைக்கலாம்?

ப: பழக்கூழ் பீரை இன்றைக்கே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். மற்றதெல்லாம் ருசிப் பிரச்சினை, இது பாதுகாப்புப் பிரச்சினை. நொதிக்காத பழச் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் கேனுக்குள் இருந்தால் சூட்டில் மறுபடி நொதிக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பீரின் கனஅளவுக்குச் சமமாக ஒரு மடங்கு கரியமில வாயு கூடும். வழக்கமான பீரில் ஏற்கெனவே இரண்டரை மடங்கு இருக்கிறது. 12 கிராம் நொதித்தால் ஐந்தரை. 30 டிகிரி செல்சியஸ் கராஜில் அது சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டைத் தாண்டிய அழுத்தம், கேன்கள் சாதாரணமாகத் தாங்குவது 90 வரை. கேனின் குழிந்த அடிப்பக்கம் வெளியே தள்ளியிருந்தால் அது எச்சரிக்கை. அதைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, துணியால் மூடி, குளிரவைத்த பிறகு திறந்து கொட்டிவிடுங்கள்.

ஐ.பி.ஏ.வைப் பதுக்குவதில் பொருளே இல்லை. தொழிலில் 3-30-300 என்று ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு. 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு கேடு. மங்கலான வகை இந்தக் கணக்கைவிடவும் மோசம். முதலில் எலுமிச்சை, மாம்பழ மணம் போகும், பிறகு தேன் கலந்த அட்டைப்பெட்டி வாசனை வரும், பொன்னிறம் சாம்பல் கலந்த பழுப்பாகும். ஆக்சிஜன் செய்யும் வேலை இது, கேன் மூடியிருந்தாலும் அடைக்கும்போது உள்ளே போன கொஞ்சம் போதும். ரஷ்யன் ரிவர் தன் 'ப்ளினி தி எல்டர்' பாட்டிலிலேயே "சேமிக்காதே, புதிதாகக் குடி" என்ற பொருளில் அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டும் அலமாரியில் அடுக்குகிறார்கள்.

காபி ஸ்டவுட் ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டியது. காபி மணம் மங்கி, பச்சைக் குடமிளகாய் வாசனை தலைதூக்கும். வனிலா, மிளகாய், இலவங்கப்பட்டை சேர்ந்தவையும் அப்படித்தான். சேர்த்த வாசனைகள் முதலில் போகும், மிஞ்சுவது இனிப்பு.

வைக்கத் தகுதியானது பீப்பாய் ஸ்டவுட்டும் பார்லிவைனும். 10 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், மால்ட்டின் கனம், குறைந்த ஹாப்ஸ் மணம். இருட்டில், 10 முதல் 13 டிகிரியில், நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் ஈஸ்ட் பக்கவாட்டில் படிந்து ஊற்றும்போது கலங்கும், மூடியின் உட்புறமும் நனைந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம், கராஜ் அதற்குச் சரியான இடமே அல்ல. அடித்தள அறையின் தரையோரம் தேவலாம். ஒன்றை இப்போதே குடித்துக் குறிப்பு எழுதுங்கள், அடுத்தது வருடம் கழித்து. இரண்டாவது முதலாவதைவிட மோசமாக இருந்தால் மிச்சத்தை அந்த வாரமே தீர்த்துவிடுங்கள், மூன்றாம் வருடம் திடீரென்று தேறிவிடாது.

விலை உயர்ந்தது என்பதால் பத்திரமானது என்றும் இல்லை. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 2015-ல் விட்ட போர்பன் கவுன்டி வகைகள் சிலவற்றில் லேக்டோபேசிலஸ் பாக்டீரியா புகுந்து புளித்துப்போக, நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடத்திலிருந்து பாஸ்சரைஸ் செய்தே அடைக்கிறார்கள். அந்த வருடச் சரக்கைத் திறக்காமல் வைத்திருந்தவர்களுக்கு விஷயம் தெரிய வந்தது தாமதமாகத்தான்.

கே: கோடையிலேயே பூசணி பீர் வந்துவிடுகிறதே. நவம்பரில் அதுவே பாதி விலை. வாங்கலாமா?

ப: ஆகஸ்ட்டில் வருவதில் அந்த வருடப் பூசணி இருக்க வாய்ப்பில்லை, டப்பாவில் அடைத்த கூழாகத்தான் இருக்கும். முந்திக்கொண்டு வருவதற்குக் காரணம் அலமாரி. முதலில் வந்தவருக்கே இடம். சீசன் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கடை சரக்கைத் திருப்பி அனுப்புவதைக் கூட்டரசு விதி ஏற்பதில்லை, அதனால்தான் நவம்பரில் தள்ளிவிடுகிறார்கள். தேதி மூன்று மாதத்துக்குள் இருந்து, கடை அதைக் குளிரில் வைத்திருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

கே: பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லெட்டெரன் மடத்தில் வண்டி எண்ணைக் கேட்டுத்தான் பீர் விற்பார்கள் என்கிறார்களே, நிஜமா?

ப: நிஜம். சின்ட்-சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் மடத்தை நடத்தத் தேவையான அளவுதான் காய்ச்சுகிறார்கள், கேட்பு ஏறினாலும் அளவைக் கூட்டுவதில்லை. 2019 வரை தொலைபேசியில் பதிவு, வண்டி எண் குறிப்பு, அதே தொலைபேசி எண்ணுக்கும் அதே வண்டிக்கும் 60 நாள் கழித்துத்தான் மறுபடி. அப்போது பாட்டிலில் லேபிள் கிடையாது, விவரமெல்லாம் மூடியில். மறுவிற்பனை செய்ய மாட்டேன் என்ற வாக்கோடுதான் விற்பனை. 10.2 சதவீத ஆல்கஹால் கொண்ட '12' என்ற பீர் மடத்து வாசலில் இரண்டு யூரோவுக்குள் கிடைத்த காலத்தில், 2018-ல் நெதர்லாந்து சூப்பர்மார்க்கெட் ஒன்று ஏறக்குறைய 10 யூரோவுக்கு விற்றது, மடம் வெளிப்படையாகவே கண்டித்தது. அடுத்த வருடம் இணையப் பதிவுக்கு மாறினார்கள்.

விலையை ஏற்றாமல், அளவையும் கூட்டாமல், ஆளை மட்டும் கட்டுப்படுத்தும் முறை இது. இடைத்தரகர்களை முழுதாக ஒழிக்கவில்லை, ஆனால் ஒருவரே பத்து கிரேட் அள்ளிப்போவதை நிறுத்தியது.

கே: 25 டாலர் பேக்குக்கு 100 தருகிறேன் என்கிறார் வெளிமாநிலத்துக்காரர். விற்று அஞ்சலில் அனுப்பலாமா?

ப: கூடாது. உரிமம் இல்லாமல் பீர் விற்பது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் குற்றம். வெர்மான்டில் 2013-ல் ஹெடி டாப்பர் ஐந்து கேஸை 825 டாலருக்கு இணைய விளம்பரம் மூலம் விற்க முயன்றதாக ஒருவர் மேல் வழக்கே பதிவானது. அரசு அஞ்சலில் மது அனுப்பத் தடை. தனியார் கூரியர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து மட்டுமே எடுக்கும். "சேகரிப்புக்கான காலி பாட்டில்" என்ற சாக்கில் நடந்த வியாபாரத்தை ஈபேயும் 2012-ல் நிறுத்தியது.

நண்பருக்குத்தான் என்றால் விமானத்தில் கொண்டுபோங்கள். 24 சதவீதமோ அதற்குக் கீழோ ஆல்கஹால் உள்ள பானத்துக்கு, ஒப்படைக்கும் பெட்டியில் கூட்டரசு அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு கேனையும் ஜிப் பையில் போட்டு, துணி சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். 16 அவுன்ஸ் கேன் அரைக் கிலோ, 24 கேன் 12 கிலோ, 50 பவுண்ட் வரம்புக்குள் அடங்கிவிடும்.

கே: சிறிய புரூவரி தொடங்கியிருக்கிறோம். முதல் பீப்பாய் ஸ்டவுட், ஆறு பீப்பாய். யாரும் பதுக்காமல், சண்டை வராமல் விற்க வழி?

ப: முதலில் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள். 1,200 லிட்டர் போட்டீர்கள், 12 சதவீதம் போய் 1,056. குழாய்க்கு ஆறில்-ஒரு-பேரல் கெக் (குழாய் பீருக்கான உலோகக் கலன்) மூன்று, 58 லிட்டர். பரிசோதனைக்கும் கேனில் அடைக்கும்போது சிந்துவதற்கும் ஆறு சதவீதம் தள்ளினால் 938 லிட்டர், அதாவது சுமார் 1,980 கேன், 495 பேக். விற்பனைக்கு 480 என்று அறிவியுங்கள். மிச்சம் 15 ஒழுகிய கேனுக்கு மாற்று. 495-ஐயும் விற்றுவிட்டு வாசலில் மன்னிப்புக் கேட்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஆளுக்கு இரண்டு பேக், 240 பேர். இணையத்தில் முன்பணம், அடையாள அட்டையில் உள்ள பெயருக்கே விநியோகம். வேறு ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ள அனுமதித்தால் ஆளுக்கு இரண்டு என்ற கட்டுப்பாடு காகிதத்தில்தான். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு கவுன்டரில் அரை மணிக்கு 60 பேர், நான்கு நேரப் பிரிவு, இரண்டு மணி நேரத்தில் முடியும். ஏழு நாளில் வராதவர் பணத்தைத் திருப்பிவிட்டு அந்தச் சரக்கை டாப்ரூமுக்கு வருபவர்களுக்குக் கொடுங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. வெளியே யாரோ 100 டாலருக்கு விற்கிறார் என்பதால் உங்கள் பீர் 100 பெறும் என்று நினைக்க வேண்டாம். அந்த விலை கொடுப்பவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். 480 பேக்குக்கும் அந்த விலை வைத்தால் பெரும்பகுதி தேங்கும். சரக்கு சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த வருடம் பத்து சதவீதம் விலை ஏற்றலாம், பீப்பாயை ஒன்பதாக்குவது அதைவிட நல்லது. பதுக்கியவர் கையில் இருப்பதன் விலை அன்றைக்கே இறங்கும்.

கே: 15 சதவீத ஸ்டவுட், 500 மில்லி பாட்டில். எத்தனை பேருக்கு?

ப: ஐந்து பேருக்கு, தலைக்கு 100 மில்லி. அந்தப் பாட்டிலில் சுமார் 59 கிராம் ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் நான்கு பானத்துக்கும் மேல். 12 டிகிரியில், அடிப்பகுதி அகன்ற கிளாஸில் ஊற்றுங்கள். வண்டி ஓட்டுபவரை விட்டுவிட்டு எண்ணுங்கள்.